இரண்டு கிலோ எழுநூற்று இருபத்திரண்டு கிராம்

அத்தியாயம் 6

“என் பையனைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ரெண்டே நம்பர்தான் மேடம்,” என்றார் பஸ் டிரைவர். “எடை ரெண்டு கிலோ எழுநூத்தி இருபத்திரண்டு கிராம். நீளம் ஐம்பது புள்ளி எட்டு சென்டிமீட்டர். வேற ஒண்ணும் தெரியாது. கண்ணு எப்படின்னுகூடத் தெரியாது. மூடியே இருந்துச்சு.”

எங்கள் ஆபீஸில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் அவர், ஒன்றில் மேடம். மூன்றாவதற்குக் கால் ஆட்டம், அதனால் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னைத் தொப்பை என்று கூப்பிடுவார்கள். ஏன் என்று இதுவரை யாரும் விளக்கம் கேட்டதில்லை. மேடத்துக்கு முதுகுக்குப் பின்னால் ஊசி என்று பெயர். ஐந்து நிமிடம் எதிரே உட்கார்ந்து ஒரு பொய் சொல்லிப் பாருங்கள், காரணம் புரியும். இந்தத் துப்பறியும் தொழிலில் மூளை அவருடையது, கார் என்னுடையது, வாயும் என்னுடையது.

அன்று வாய்க்கு வேலை இல்லை. டிரைவர் சொன்னதைக் கேட்டபிறகு கிண்டல் பேச எந்த மடையனுக்கும் மனசு வராது.

திங்கட்கிழமை விடியற்காலை மனைவிக்கு வலி எடுத்திருக்கிறது. பக்கத்திலிருந்த தனியார் பிரசவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். சின்ன இடம். அந்த நேரத்தில் ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், அவ்வளவுதான். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன். நர்ஸை ஏதோ மருந்து வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து, குழந்தை இறந்தே பிறந்தது என்று சொல்லி, ஒரு வெள்ளைத் துணிப் பொதியை இவர் கையில் கொடுத்திருக்கிறார். அன்றைக்கே இவர் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்.

மயக்கம் தெளிந்த மனைவி சொன்ன முதல் வார்த்தை, “அவன் அழுதானே, எங்கே?” என்பது.

“நாலு நாளா அதையேதான் சொல்லிட்டிருக்கா. அழுத சத்தம் கேட்டேன், கேட்டேன்னு. டாக்டரம்மா முதல்ல மயக்க மருந்து வேலைன்னாங்க. இப்ப மனசு பேதலிச்சுப் போச்சுங்கறாங்க. மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தணும், இன்னிக்குச் சாயங்காலம் புருஷன் கையெழுத்து வேணும்னு சொல்லிட்டாங்க.”

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்றார் மேடம்.

டிரைவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “இந்தக் கையிலதான் வாங்கினேன் மேடம். சில்லுனு இருந்தான். அவளை நம்பினா நான் பைத்தியம். நம்பலேன்னா அவ பைத்தியம். எதுல கையெழுத்துப் போடறதுன்னு தெரியாமத்தான் உங்ககிட்ட வந்தேன்.”

“அந்த ரெண்டு நம்பரை யார் சொன்னது?”

“டாக்டரம்மாதான். நான் கேட்டேன். செத்த பிள்ளைக்கு எடை என்னத்துக்குன்னு நீங்க நினைக்கலாம். எதையாவது தெரிஞ்சு வெச்சுக்கணும்போல இருந்துச்சு. அவங்க செல்போனை எடுத்து என்னமோ தட்டினாங்க, பாத்துட்டுச் சொன்னாங்க.”

மேடம் நிமிர்ந்தார். “தட்டிப் பாத்துட்டா?”

“ஆமா.”

“தொப்பை, உன் எடை எவ்வளவு?”

“தொண்ணூறு இருக்கும் மேடம்.”

“தொண்ணூறு கிலோ, அப்புறம் எத்தனை கிராம்?”

“அதெல்லாம் கேட்டா மனசு புண்படும்.”

“எல்லாரும் உன்னை மாதிரிதான் சொல்வாங்க. பிறந்த குழந்தைன்னா ரெண்டே முக்கால் கிலோம்பாங்க. மிஞ்சிப் போனா ரெண்டு எழுநூறு. இவங்க இருபத்திரண்டு கிராம் வரைக்கும் சுத்தமாச் சொல்றாங்க. அந்தத் தராசை நான் பாக்கணும். வண்டியை எடு.”

*

ஆஸ்பத்திரியில் நான் அந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் ஆனேன். மேடம் அத்தை ஆனார். வாசலில் யாரும் தடுக்கவில்லை. சொந்தக்காரன் என்றால் வயிறு இருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது போலும்.

கடைசி அறையில் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியபோது, அவள் உடுப்பின் முன்பக்கம் பால் கசிந்து நனைந்திருப்பதைப் பார்த்தேன். குடிக்கப் பிள்ளை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. நான் சட்டென்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். எனக்கு யார்மீது என்று தெரியாத கோபம் வந்தது.

“நீங்களும் கையெழுத்து வாங்க வந்தீங்களா?” என்றாள்.

“இல்லம்மா,” என்றார் மேடம். “அந்த அழுகை எப்படி இருந்துச்சுன்னு கேக்க வந்தேன்.”

நாலு நாளில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“முதல்ல கிட்டக்க. பெருசா ஒரு கத்து. அப்புறம் விட்டு விட்டு. நின்னு போகலை. தூரமாப் போச்சு. கதவு திறந்து மூடற சத்தம் கேட்டுச்சு, அதுக்கப்புறம்தான் கேக்கலை.”

மேடம் அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு வெளியே வந்தார். “பைத்தியம் இவ்வளவு ஒழுங்கா விவரம் சொல்லாது,” என்றார் என்னிடம்.

பிரசவ அறையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். மூலையில் அந்தத் தராசு இருந்தது. மேலே வெள்ளைத் தட்டு, கீழே கடிகாரம் மாதிரி வட்ட முகப்பு, அதில் ஒரு முள். நான் பையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்துத் தட்டில் வைத்தேன். முள் ஆடி, இரண்டு கோடுகளுக்கு நடுவில் போய் நின்றது.

மேடம் குனிந்து பார்த்தார். “கோட்டுக்குக் கோடு ஐம்பது கிராம். நடுவுல நின்னா என்ன சொல்லுவே?”

“இந்தக் கோடு, இல்லேன்னா அந்தக் கோடு.”

“அதாவது எழுநூறு, இல்லேன்னா எழுநூத்தி ஐம்பது. எழுநூத்தி இருபத்திரண்டுன்னு சொல்ல இந்த முள்ளுக்கு வராது. தட்டோரத்தைப் பாரு.”

தட்டின் ஓரத்தில் நீளம் பார்க்கக் கோடு போட்டிருந்தது. அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு. ஐம்பது உண்டு, ஐம்பதரை உண்டு. ஐம்பது புள்ளி எட்டு இல்லை.

“யார் நீங்க?”

டாக்டரம்மா வாசலில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை.

“உறவுக்காரங்க,” என்றார் மேடம். “பிள்ளைங்களை எடை போட வேற தராசு இருக்கா டாக்டர்?”

“இது ஒண்ணுதான். இதுவே போதும்.” அவர் பார்வை தட்டுக்குப் போனது. “அந்த டிபன் பாக்ஸை எடுங்க. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்லுங்க அவரை. லேட் பண்ணினா அந்தப் பொண்ணுக்குத்தான் ஆபத்து.”

*

காரில் ஏறியதும் மேடம் கண்ணை மூடிக்கொண்டார். அவர் யோசிக்கும்போது நான் ரேடியோ போட்டால் வேலை போகும் என்பதால் சும்மா இருந்தேன்.

“அந்த நம்பர் இந்தத் தராசுல பிறக்கலை தொப்பை. வேற எங்கயோ, வேற அளவுல பிறந்து, இங்க வந்து கிலோவா மாறியிருக்கு. போனை எடு. ஒரு பவுண்டு நானூத்தி ஐம்பத்து மூணு புள்ளி அஞ்சு ஒன்பது கிராம். ஆறால பெருக்கு.”

பெருக்கினேன். “ரெண்டாயிரத்து எழுநூத்தி இருபத்தொண்ணரை சொச்சம்.”

“முழுசாக்கு.”

“ரெண்டாயிரத்து எழுநூத்தி...” திரையை இன்னொரு தடவை பார்த்தேன். “இருபத்திரண்டு.”

“ஒரு இன்ச் ரெண்டு புள்ளி அஞ்சு நாலு சென்டிமீட்டர். இருபதால பெருக்கு.”

“ஐம்பது புள்ளி எட்டு மேடம்.”

“ஆறு பவுண்டு. இருபது இன்ச். ஒண்ணு மட்டும் பொருந்தினா விட்டுடலாம். ரெண்டுமே சொல்லி வெச்ச மாதிரி முழு எண்ணா வருது. டாக்டர்கிட்ட யாரோ பவுண்டுலயும் இன்ச்லயும் சொல்லியிருக்காங்க. டிரைவர் திடீர்னு கேட்டதும் போன்ல கணக்குப் போட்டு அப்படியே ஒப்பிச்சுட்டாங்க. உண்மை தெரிஞ்சவங்க சுமாராச் சொல்லுவாங்க. பொய் சொல்றவங்கதான் ஒரு கிராம் குறையாமச் சொல்லுவாங்க.”

எனக்கு எல்லாம் பளிச்சென்று புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்தேன். “குழந்தையை உயிரோட வெளிய கடத்திட்டாங்க! அங்க ஒருத்தி பவுண்டுல எடை பாத்திருக்கா. வெளிநாட்டுல யாருக்கோ விக்கப் போறாங்க. அந்த ஊர்க்காரங்களுக்குப் பவுண்டு சொன்னாத்தான் புரியும்!”

“ம்,” என்றார் மேடம். அவர் ‘ம்’ என்றால் நான் பாதிதான் சரி என்று அர்த்தம். எந்தப் பாதி என்று மட்டும் சொல்ல மாட்டார்.

*

தராசு ரிப்பேர் கடைக்காரர் எங்களைக் கண்டதும் சிடுசிடுத்தார். நாங்கள் கையில் தராசு கொண்டுபோகவில்லை என்பதுதான் காரணம்.

“பவுண்டுத் தராசா? அதைக் கடையில வெச்சாலே அபராதம். எவன் வெச்சிருக்கான்?”

“பிள்ளைங்களை எடை போடறது,” என்றார் மேடம்.

“அந்த சிஸ்டரோடதா?” அவர் முகம் கொஞ்சம் இளகியது. “ஸ்பிரிங் தராசு. கொக்கியில தொட்டில் துணி மாட்டித் தொங்க விடறது. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவங்க. கிலோ முகப்பு மாத்தித் தர்றேன்னேன், என் கண்ணு இதுக்குத்தான் பழகியிருக்குன்னு அடம் பிடிச்சாங்க. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ரெண்டாவது தெரு. வீடு வீடாப் போய்ப் பிரசவம் பாப்பாங்க.” உடனே இளகிய முகத்தைத் திரும்ப இறுக்கிக்கொண்டார். “தராசு இருந்தாக் கொண்டு வாங்க. இல்லேன்னா வெளிச்சத்தை மறைக்காதீங்க.”

கடைசி வார்த்தையை என் வயிற்றைப் பார்த்துத்தான் சொன்னார்.

*

சிஸ்டர் அறுபதைத் தொட்ட மனுஷி. கதவைத் திறந்தபோது அந்த ஸ்பிரிங் தராசு சுவரில் ஆணியில் தொங்குவது தெரிந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது.

“அந்தக் குழந்தையை எங்க வித்தீங்க?” என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

“திங்கட்கிழமை காலையில ஒரு ஆண் குழந்தையை எடை போட்டீங்க சிஸ்டர். ஆறு பவுண்டு. இருபது இன்ச்.”

சிஸ்டர் அருகிலிருந்த ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். “யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாங்களே. உங்களுக்கு யார் சொன்னது?”

“யாரும் சொல்லலை. நீங்க எடை போட்டதுதான் சொல்லுச்சு.”

அவர் அதற்குமேல் மறைக்கவில்லை. தூக்கிச் சுமந்ததை இறக்கி வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தவர் போலப் பேசினார். வெளிநாட்டிலிருந்து பிரசவத்துக்காக வந்திருந்த ஒரு பெண். அவளைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள இவரை வைத்திருந்தார்கள். டாக்டர் குறித்த நாளுக்கு முன்பே வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப நேரமில்லை, வீட்டிலேயே பிறந்தது.

“கொடி கழுத்தைச் சுத்தியிருந்துச்சு. எவ்வளவோ பாத்தேன். மூச்சு வரவேயில்லை.” அவர் குரல் உடைந்தது. “எடை போட்டேன். உயிர் இல்லேன்னாலும் எடை போடணும், அளந்து பாக்கணும். வந்துட்டுப் போனதுக்கு அதாவது இருக்க வேணாமா? டாக்டருக்குப் போன்ல அப்படியே சொன்னேன்.”

“எந்த டாக்டர்?”

“அந்தப் பொண்ணுக்கு நாத்தனார். புருஷனோட அக்கா. பிரசவ ஆஸ்பத்திரி வெச்சிருக்காங்களே.”



“தாய்க்குத் தூக்க ஊசி போடுங்க, தம்பி குழந்தையை என் ஆஸ்பத்திரிப் பின்வாசலுக்கு எடுத்துட்டு வரட்டும்னு டாக்டர் சொன்னாங்க. அவரே காருல கொண்டுபோனார். திரும்பி வந்து, நீங்க வீட்டுக்குப் போங்க சிஸ்டர், அவகிட்ட நாங்க பக்குவமாச் சொல்லிக்கறோம்னார். பாவம் அந்தப் பொண்ணு. இதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை கலைஞ்சு போச்சு. எப்படித் தாங்கறாளோ.”

மேடம் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “நீங்களே கேளுங்க சிஸ்டர். போன் பண்ணுங்க. சத்தமா வையுங்க.”

மணி அடித்தது. எடுத்தது அந்தப் பெண்தான்.

“சிஸ்டர்! சொல்லாமப் போயிட்டீங்களே! பிழைச்சுட்டான் சிஸ்டர்! அண்ணி அவங்க ஆஸ்பத்திரியில வெச்சுக் காப்பாத்திக் கொடுத்துட்டாங்க. இருங்க, அவன் கத்தறதைக் கேளுங்க.”

போனில் ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது.

சிஸ்டர் கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்தது. “இல்லை,” என்றார். “நான் கையில வெச்சிருந்தேன். அது உயிரில்லாத பிள்ளை. சாமி சத்தியமா உயிரில்லை.”

“உங்களை நம்பறேன்,” என்றார் மேடம். பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “நீ சொன்னதுல பாதி சரி தொப்பை. உயிரோட ஒண்ணு ஆஸ்பத்திரியை விட்டு வெளிய போச்சு. ஆனா உயிரில்லாத ஒண்ணு உள்ள வந்துச்சு. பவுண்டுல எடை போட்டது அதைத்தான். அந்த மனுஷன் தன் பிள்ளையோடதுன்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கற ரெண்டு நம்பரும் அவர் பிள்ளையோடது இல்லை.”

*

மேடம் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்பச் சொன்னார். சிஸ்டரும் எங்களோடு வந்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போய் டிரைவரையும் அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டேன். அவளிடம் நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. “அழுத சத்தம் நிஜம்தாம்மா,” என்று மட்டும் மேடம் சொன்னார். தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல், அவளே நடந்து வந்து காரில் ஏறினாள். டாக்டரம்மா வராந்தாவில் நின்று ஏதோ கத்தினார். என்ன என்று நான் காதில் வாங்கவில்லை.

சிஸ்டர் வழி காட்டிய வீட்டில் கதவைத் திறந்தவன் முப்பத்தைந்து வயது ஆள். சவரம் செய்யாத முகம். சிஸ்டரைப் பார்த்தான், பின்னால் நின்ற டிரைவரைப் பார்த்தான். யார் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“மூணாவது தடவை மேடம். அவ செத்துடுவாளோன்னு பயந்துட்டேன். அக்கா சொன்னா, அவங்க ஏழைங்க, சின்ன வயசு, இன்னொண்ணு பெத்துக்குவாங்கன்னு...”

டிரைவர் அவன்மீது பாயப் போனார். நான் குறுக்கே நின்றேன். என் உடம்புக்கு அன்றைக்கு ஒரு பிரயோஜனம் இருந்தது. உண்மையைச் சொன்னால், விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் குழந்தையோடு வந்தாள். தூக்கம் கெட்ட கண்கள், ஆனால் முகம் முழுக்கச் சந்தோஷம். “வாங்க சிஸ்டர், ஏன் வாசல்லயே...” என்றவள் எல்லோரையும் பார்த்து நின்றாள்.

மேடம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.  இத்தனை வருடத்தில் அதை நான் பார்த்ததில்லை. சிஸ்டர்தான் முன்னால் போய், அவள் தோளைப் பிடித்து, காதோடு சொன்னார். சொல்லி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“இல்லை,” என்றாள் அவள். குழந்தையை இன்னும் இறுக்கினாள். “இவன் என் பிள்ளை. பொய் சொல்லாதீங்க. என்னங்க, நீங்க சொல்லுங்களேன்.”

புருஷன் தலை நிமிரவில்லை.

குழந்தை அழ ஆரம்பித்தது. டிரைவரின் மனைவி நகரவில்லை, பிடுங்கவில்லை. அவள் உடுப்பின் முன்பக்கம் மட்டும் மறுபடி நனைந்தது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தனக்கும் அப்படித்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

“அப்போ என் பிள்ளை எங்கே?” என்றாள்.

 டிரைவர் என் கையை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். அவரிடம் கோபம் மிச்சம் இல்லை.

“நான்தாம்மா தூக்கிட்டுப் போனேன். பஸ்ல ஏற மனசு வரலை, நடந்தே போனேன். மார்லயே அணைச்சுத்தான் வெச்சிருந்தேன். வழி முழுக்கப் பேசிட்டே போனேன். என் பிள்ளைன்னு நினைச்சுத்தாம்மா பேசினேன். அவன் தனியாப் போகலை.”

“என்ன பேசினீங்க?”

டிரைவர் தயங்கினார். “மூக்கு அப்படியே உங்க அம்மா மூக்குடான்னு சொன்னேன்.”

அந்தப் பெண்ணின் கை தன் மூக்குக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள், கால் மடங்கிச் சரிந்தாள். டிரைவரின் மனைவி ஓடிப்போய் ஒரு கையால் தன் பிள்ளையை வாங்கிக்கொண்டாள், மறு கையால் அவளைத் தாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்தார்கள். விடவில்லை.

வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. மேடம் என்னைப் பார்த்தார். நான் வெளியே போய், இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே வர வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன்.